பருத்திப் பனியும் கேழ்வரகுப் புல்லும்: வீட்டுக் குடில்கள் குறித்து ஒரு திறனாய்வு

திறனாய்வு என்றதும் கவிதை, புதினம், நாடகம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தமிழகக் கத்தோலிக்க இல்லங்களில் ஆண்டுதோறும் டிசம்பரில் பிறந்து, சனவரி இரண்டாம் வாரத்திற்குள் மறைந்துவிடும் ஒரு படைப்பு உண்டு. அதற்குப் பதிப்பகம் இல்லை. முகப்பில் ஆசிரியர் பெயரும் இல்லை. ஆசிரியர் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அட்டைப்பெட்டி, வைக்கோல், சாக்கு, ஆற்றுமணல், முகம் பார்க்கும் கண்ணாடி, சீரியல் பல்பு ஆகியவற்றால் ஆக்கப்படும் அப்படைப்புக்குக் கிறிஸ்மஸ் குடில் என்று பெயர். அதைப்பற்றி மறையுரைகள் நிகழ்த்தப்படுகின்றன, பரிசுகள் வழங்கப்படுகின்றன. ஒரு கலைப்படைப்புக்குரிய முறையில் அதை எடைபோட்டுப் பார்ப்பவர் மட்டும் அரிது. அந்தக் குறையைச் சற்றே போக்க முனைவோம்.

நாம் எடுத்துக்கொண்ட களம் இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இவ்விரு ஊர்களும் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஒன்று பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர். மற்றது பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்து பாடிய ஊர். இரண்டிலும் கத்தோலிக்கர் சிறுபான்மையினரே. ஒரு தெரு முழுவதற்கும் ஒரே ஒரு வீட்டு வாசலில் விண்மீன் விளக்குத் தொங்குவதுண்டு. ஆகவே இங்கே குடில் வீட்டார் மட்டும் கண்டு மகிழும் பொருளன்று. தெருவே வந்து எட்டிப்பார்க்கும் பொருள். பார்ப்பவர்களுள் பாதிப்பேர், "இந்தத் தாடிக்காரத் தாத்தா யாரு?" என்று சூசையப்பரைச் சுட்டிக் கேட்பவர்கள்.

இவ்வட்டாரத்தில் குடில் போட்டிகளுக்கு நடுவராகப் பலமுறை சென்றிருக்கிறோம். இளைஞர் ஒருவரின் இருசக்கர வண்டியின் பின்னால் அமர்ந்து, வீட்டுக்கு வீடு நீட்டப்படும் முறுக்கையும் அதிரசத்தையும் மறுக்க இயலாமல், இரவு பத்து மணிக்கு மேல் வயிற்றுப் பொருமலோடு திரும்புவதும் நடுவர் பணியின் ஒரு பகுதியே. கையில் ஒரு மதிப்பெண் தாள் இருக்கும். விவிலியப் பொருத்தம், கலைநயம், தூய்மை, புதுமை என்று நான்கு கட்டங்கள். கட்டத்துக்கு 25 மதிப்பெண்கள். தூய்மையைப் பற்றி நமக்குச் சிக்கல் இல்லை. நம்மைச் சிந்திக்க வைத்தது முதற்கட்டம். குடிலுக்குள் நாய் நின்றால் ஐந்து மதிப்பெண் குறை, இரயில் ஓடினால் பத்துக் குறை என்று உடன்வரும் நடுவர்கள் பேனாவைத் திறக்கும்போதெல்லாம், அந்தக் கட்டத்தையே ஒருநாள் தேர்வுக்கு உட்படுத்த வேண்டும் என்று தோன்றியதுண்டு.

உட்படுத்திப் பார்ப்போம். லூக்கா நற்செய்தியின் பிறப்பு நிகழ்ச்சியில் மாட்டுக்கொட்டில் என்ற சொல்லே இல்லை. தீவனத்தொட்டி மட்டுமே உள்ளது. கொட்டிலை நாம்தான் ஊகித்துக் கட்டிக்கொண்டோம். விடுதி என்று மொழிபெயர்க்கப்படும் கிரேக்கச் சொல்லுக்கு வீட்டின் விருந்தினர் அறை என்ற பொருளும் உண்டு; இறுதி இராவுணவு நடைபெற்ற அறைக்கும் லூக்கா அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். மாடு இல்லை, கழுதையும் இல்லை. மத்தேயுவிடம் போனால், வந்தவர்கள் அரசர்கள் அல்லர், ஞானிகள். எத்தனை பேர் என்று அவர் எண்ணிச் சொல்லவும் இல்லை. காணிக்கைப் பொருள்கள் மூன்று என்பதால் ஆள்களையும் மூவராக்கினோம். அரசப் பட்டத்தைத் திருப்பாடல் 72-இலிருந்தும், ஒட்டகத்தை எசாயா 60-ஆம் அதிகாரத்திலிருந்தும் கடன் வாங்கினோம். (இராஜபாளையத்தில் ராஜாக்கள் என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, அது வேறு.) மேலும், அந்த ஞானிகள் நுழைந்தது கொட்டிலுக்குள் அன்று, வீட்டிற்குள் என்கிறார் மத்தேயு. முதற்கட்டத்தின் 25 மதிப்பெண்களையும் கறாராக வழங்கினால், உரோமையில் புனித பேதுரு சதுக்கத்தில் 1982 முதல் அமைக்கப்பட்டு வரும் பெருங்குடில் உட்பட, உலகின் எந்தக் குடிலும் தேர்ச்சி பெறாது.

2012-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், இயேசுவின் குழந்தைப்பருவம் பற்றிய தம் நூலில், நற்செய்தியின் இப்பகுதியில் விலங்குகள் குறிப்பிடப்படவில்லை என்று எழுதினார். உடனே, திருத்தந்தை மாட்டையும் கழுதையையும் குடிலிலிருந்து விரட்டிவிட்டார் என்று செய்தித்தாள்கள் சில அலறின. தொடர்ந்து படித்திருந்தால் அலறியிருக்கமாட்டார்கள். எந்தக் குடிலும் மாட்டையும் கழுதையையும் விட்டுக்கொடுக்காது என்றே அவர் எழுதியிருந்தார். அவை வந்த வழி எசாயா முதல் அதிகாரம். மாடும் கழுதையும் தம் உடைமையாளரை அறிந்திருக்க, மக்களோ அறியவில்லை என்று இறைவாக்கினர் வருந்தும் இடம் அது. நான்காம் நூற்றாண்டின் கற்பேழைச் சிற்பங்கள் சிலவற்றில் மரியாவும் இல்லை, சூசையப்பரும் இல்லை. குழந்தையும் மாடும் கழுதையும் மட்டுமே காணப்படுகின்றன. 1223-இல் புனித அசிசி பிரான்சிஸ் கிரேச்சோ என்னும் ஊரில் அமைத்த புகழ்பெற்ற குடிலிலும் உருவச்சிலைகள் இல்லை. தீவனத்தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடு, கழுதை, தீப்பந்தம் ஏந்திய ஊர்மக்கள், திருப்பலி, அவ்வளவே. குடில் என்பது நற்செய்தியைப் படியெடுத்த தாள் அன்று. நற்செய்தியைக் கேட்ட வீட்டார் தம் கைப்பொருளைக் கொண்டு சொல்லும் மறுமொழி. மறுமொழியை மறுமொழியாகத்தான் மதிப்பிட வேண்டும்.

இந்தக் கண்கொண்டு நாய் விவகாரத்தைப் பார்ப்போம். இராஜபாளையம் நாயைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. வெண்ணிற உடல், இளஞ்சிவப்பு மூக்கு, வேட்டைக்குரிய நீண்ட கால்கள். 2005-இல் இந்திய அஞ்சல்துறை நம் நாட்டு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது இதற்கும் ஒன்று கிடைத்தது. தபால்தலையில் இடம்பெற்ற பிராணி தன் சொந்த ஊரின் குடிலில் இடம்பெறாது போகுமா? ஒரு வீட்டில், ஆடுகளைவிட இரு மடங்கு பெரிய வெள்ளை நாய் ஒன்று இடையர்களுக்கு முன்னால் கம்பீரமாக நின்றது. விவிலியத்தில் இது எங்கே உள்ளது என்று உடன்வந்த நடுவர் கேட்டார். அவ்வீட்டுப் பாட்டி நம்மைப் பார்த்தே விடை கூறினார்: "ஆடு கெடக்குற எடத்துல நாய் இல்லாம எப்படிச் சாமி? நரி வந்துராது?"

பாட்டியின் விவிலியப் புலமை நம் நடுவருடையதைவிடச் சிறந்தது என்பதை அவரே அறியார். யோபு நூலின் 30-ஆம் அதிகாரம் மந்தையைக் காக்கும் நாய்களைக் குறிப்பிடுகிறது. தோபித்து நூலிலோ, வானதூதர் இரபேலோடு தோபியா வழிநடந்தபோது அவருடைய நாயும் உடன்சென்றது. போகும்போதும் நாய், திரும்பும்போதும் நாய். கதையில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. சும்மா கூடப் போயிற்று. சும்மா கூடப் போகும் ஒரு பிராணிக்கு விவிலியத்தில் இடம் இருக்கும்போது, குடிலில் இல்லை என்று பேனாவைத் திறப்பது சரியன்று.

புலி இன்னும் சுவையானது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிளாஸ்டிக் புலிப் பொம்மைக்குத் தனிச் செல்வாக்கு உண்டு. சாம்பல்நிற அணில்களுக்கெனச் சரணாலயம் 1988-இல் அமைந்த மலைப்பகுதி அது. 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. மலையில் புலி உண்டு என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆதலால் குடிலின் மலையிலும் புலி உண்டு. ஒரு வீட்டில் அது ஆட்டுக்குட்டியின் மீது ஏறக்குறையச் சாய்ந்தே நின்றது. ஆட்டைத் தின்றுவிடாதா என்று கேட்டோம். "தின்னாது ஃபாதர். சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்கு" என்றான் ஏழு வயது ஆசிரியன். மெசியாவின் ஆட்சியில் ஓநாய் ஆட்டுக்குட்டியோடு தங்கும், சிறுத்தை வெள்ளாட்டுக் குட்டியோடு படுத்திருக்கும் என்று எசாயா 11 கூறுவதை நாம் திருவருகைக் காலத்தில் வாசகமாகக் கேட்கிறோம். ஆண்டுதோறும் கேட்டும் நம்மில் எத்தனைபேர் குடிலில் ஓநாய் வைத்தோம்? அதைச் செய்தவன், அதைச் செய்தோம் என்றே அறியாத அந்தச் சிறுவன்.

கிறிஸ்தவ உலகம் நெடுங்காலமாக இப்படித்தான் நடந்து வந்துள்ளது. நேப்பிள்ஸ் நகரில் குடில் பொம்மைகளுக்கென்றே சான் கிரெகோரியோ அர்மேனோ என்றொரு தெரு இருக்கிறது. அங்கே மீன் விற்பவரும் ரொட்டி சுடுபவரும் மட்டுமல்லர், கால்பந்து வீரர் மரடோனாவும் பொம்மையாகி நிற்கிறார். பிரெஞ்சுப் புரட்சியில் ஆலயங்கள் மூடப்பட்டபோது, புரோவான்சு மக்கள் தம் ஊர் மாவு அரைப்பவரையும் மீனவப் பெண்ணையும் சிறு மண்பொம்மைகளாக்கி வீட்டுக்குள் குடில் வளர்த்தார்கள். கத்தலோனியாவிலோ, குடிலின் ஓர் ஓரத்தில் இயற்கையின் அழைப்புக்காக ஒதுங்கி அமர்ந்திருக்கும் ஒருவனை வைப்பது வழக்கம். (அதை நம் பங்குகளுக்குப் பரிந்துரைக்க நமக்குத் துணிவில்லை.) 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் கிரேச்சோவிலேயே கையெழுத்திட்ட திருமடலில், நற்செய்தியோடு தொடர்பற்றவை போலத் தோன்றும் உருவங்களைச் சிறுவரும் பெரியவரும் குடிலில் சேர்ப்பதை அன்போடு குறிப்பிட்டு, மனிதருக்குரிய எதற்கும் அங்கே இடம் உண்டு என்ற கருத்தை வலியுறுத்தினார்.

இனி நாம் கடுமையாகச் சொல்லவேண்டிய இடத்திற்கு வருவோம். அது பனி.

நம் குடில்களின் கூரை மீது பஞ்சு ஒட்டப்படுகிறது. ஏன் என்று கேட்டால், பனி என்கிறார்கள். எங்கே கண்டது? வாழ்த்து அட்டையில் கண்டது. வாழ்த்து அட்டை எங்கே அச்சானது? பக்கத்துச் சிவகாசியில். நெருப்புக்கும் வெயிலுக்கும் பெயர்போன ஊரில் உறைபனியை அச்சடித்து, அதைவிடச் சற்றே குறைந்த வெயிலுடைய ஊருக்கு அனுப்பினார்கள். நாமும் அதைக் கண்டு பஞ்சைப் பிய்த்தோம். இன்று அட்டைகள் அருகிவிட்டன. கைப்பேசியில் வரும் படங்களிலோ பனி இன்னும் ஆழமாகப் பொழிகிறது.

அட்டையின் பனிக்கும் ஒரு முன்வரலாறு உண்டு. 1566-இல் பிளாந்தர் நாட்டு ஓவியர் பீட்டர் புரூகல், பெத்லகேமில் நடைபெற்ற மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வரைந்தார். அந்தப் பெத்லகேம் அவர் நாட்டுச் சிற்றூர். குளிர்காலம், கூரைகளின் மேல் பனி, உறைந்த நீரின் மேல் விளையாடும் சிறுவர், கூட்டத்தில் ஒருத்தியாய்க் கழுதை மேல் மரியா. புரூகல் செய்தது என்ன? தம் தெருவைப் பெத்லகேமுக்குள் கொண்டுபோனார். நாம் செய்வது என்ன? நம் தெருவை வாசலிலேயே விட்டுவிட்டு, புரூகலின் தெருவைக் கொண்டுபோகிறோம். பஞ்சுப் பனியில் நாம் காணும் பிழை விவிலியப் பிழை அன்று; பெத்லகேமிலும் பனி விழுவதுண்டு. இது கலைப்பிழை. இன்னொருவர் தம் வீட்டுக்காரராக நின்று சொன்ன மறுமொழியை நாம் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறோம்.

நம்மிடம் பனி இல்லாமலும் இல்லை. தமிழில் பனி என்ற சொல் உறைபனிக்கு மட்டும் உரியதன்று. மார்கழி விடியலில் ஓலைக்கூரையிலிருந்து சொட்டும் ஈரத்திற்கும் அதுதான் பெயர். கிறிஸ்து பிறப்புப் பெருவிழா ஏறத்தாழ மார்கழி பத்தில் வருகிறது. நாம் நவநாள் தொடங்கும் டிசம்பர் 16-ஐ ஒட்டியே ஆண்டாளின் ஊரில் திருப்பாவையும் தொடங்குகிறது. முப்பது விடியல்களுக்கு முப்பது பாசுரங்கள். விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலமிட்டு, சாண உருண்டையில் பூசணிப்பூ வைக்கும் மாதம் அது. அவ்வூரின் கத்தோலிக்கப் பெண்களும் கோலமிடுகிறார்கள். நடுவில் விண்மீன் இருக்கும். நம் ஊர்களில் குழந்தை பிறந்த இரவு அப்படிப்பட்ட பனியில்தான் பிறந்திருக்க முடியும். அதைக் குடிலுக்குள் கொண்டுவரத் தெரிந்த ஒருவரை மட்டும் கண்டிருக்கிறோம். அவர் பஞ்சு ஒட்டவில்லை; மண்சட்டியால் ஆன சிறு கூரையின் மேல் விளக்கேற்றும் நேரத்தில் விரலால் தண்ணீர் தெளித்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சிறுமி ஒருத்தி வரைந்த பின்திரையும் இங்கே நினைவுக்கு வருகிறது. பெத்லகேம் நகரம் என்று எழுதி, வீடுகளுக்கு நடுவே பதினொரு நிலைக் கோபுரம் ஒன்றையும் வரைந்திருந்தாள். அவ்வூரில் பல தெருக்களிலிருந்தும் தெரிவது அதுதான். ஊர் என்றால் நடுவில் கோபுரம் இருக்கும் என்பது அவளது நிலவியல். மதிப்பெண் தாளில் அந்தப் படத்திற்குச் சுழி போட்டவர் உண்டு. புரூகலுக்கு அருங்காட்சியகம், இவளுக்குச் சுழி.

இவள் பக்கம் பேசப் பெரிய சாட்சிகள் இருக்கிறார்கள். வீரமாமுனிவர் தமிழகத்தில் தம் பணியைத் தொடங்கிய நாள்களில் காமநாயக்கன்பட்டியில் இருந்தவர். நம் பகுதிக்கு அது தொலைவும் அன்று. சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு, மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களுமாக அவர் பாடிய தேம்பாவணியில், நாட்டுப் படலமும் நகரப் படலமும் தமிழ்க் காப்பிய மரபுப்படியே அமைந்துள்ளன. அவருடைய சூதேயாவில் தமிழகத்து வயல்கள் விளைகின்றன. இத்தாலியில் பிறந்தவருக்குச் சூதேயா எப்படி இருக்கும் என்று தெரியாதா? கேட்பவர் தம் ஊரைக் காணவேண்டும் என்றே அப்படிப் பாடினார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சொந்தக்காரரான பெரியாழ்வாரும் கண்ணன் பிறப்பைப் பாடத் தொடங்கும்போதே திருக்கோட்டியூர் மாடங்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகைக்கு அவரை முன்னோடி என்பர். அந்த வகையில் நம் காலத்தில் அருள் செல்லத்துரை இயேசுபிரான் பிள்ளைத்தமிழ் பாடினார். தெய்வக் குழந்தையைத் தன் தெருவில் பிறக்கச் செய்வது இம்மண்ணின் பழைய வழக்கம். கோபுரம் வரைந்த சிறுமி மரபுக்கு உள்ளேதான் நிற்கிறாள்.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாமா என்று வாசகர் கேட்பர். கேட்கவேண்டிய கேள்வியே.

வீட்டுக் குடிலுக்கு மிக நெருங்கிய உறவு நவராத்திரிக் கொலு. பச்சைச் சாயமேற்றிய மரத்தூளால் புல்வெளி, கண்ணாடியால் குளம், அதில் பிளாஸ்டிக் வாத்து, கரையில் வளைந்த பாதை என்ற உத்திகள் யாவும் கொலுவுக்கு அருகே அமைக்கும் பூங்காவிலும் உள்ளவை. பொம்மைகளும் உறவே. மதுரைக்கு அருகில் விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்யும் கைகளே கிறிஸ்மஸ் காலத்தில் குடில் பொம்மையும் செய்கின்றன. ஆகவே நம் மரியாவுக்கு மைதீட்டிய கண்களும், இடையருக்கு முறுக்கிய மீசையும் அமைந்தன. இது நமக்குப் பெருமை. சமயம் கடந்த இந்தக் கைவண்ணத்தை நாம் போற்றுகிறோம்.

ஆனால் ஒரு வீட்டில் கண்ட காட்சி வேறுவகை. குடிலில் மிகச் சிறிய பொம்மை குழந்தைதான்; ஆதலால் முதலில் தொலைவதும் அதுதான். இந்த வீட்டில் அது தொலைந்துபோனதால், பக்கத்து வீட்டுக் கொலுவிலிருந்து தவழும் கண்ணனை வாங்கிவந்து, கையிலிருந்த வெண்ணெயை வைக்கோலால் மூடிப் படுக்க வைத்திருந்தார்கள். கொடுத்தவர்களும் மனமுவந்தே கொடுத்திருந்தார்கள். நகைப்பு வந்தது; ஆயினும் இது கூடாது என்றே சொன்னோம். நம் கோட்பாடு கெட்டுவிடும் என்ற அச்சத்தினால் மட்டும் அன்று. அடுத்த வீட்டாருக்கு அது வழிபடும் உருவம். அவர்களுடைய தெய்வத்தை நம்மிடம் தொலைந்த ஒன்றுக்கு உதிரிப் பாகமாக்குவது நட்புக்கு அழகன்று. புலியும் கோபுரமும் நம் ஊரைக் குடிலுக்குள் கொண்டுவருகின்றன. இதுவோ அடுத்தவர் வீட்டு ஊஞ்சலிலிருந்து பிள்ளையைத் தூக்கி வருகிறது. அந்த ஆண்டு அவ்வீட்டார் வெற்றுத் தொட்டியையே வைத்தார்கள். தெருப் பிள்ளைகள், "பாப்பா எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். திருவருகைக் காலத்தின் பொருளை அதைவிடத் தெளிவாக எந்த மறையுரையும் சொல்லியிராது.

மற்றொரு வகைக் குடில் சில ஆண்டுகளாகப் பெருகி வருகிறது. பெட்டியில் ஆயத்தமாக வருவது. பிசினால் வார்த்த உருவங்கள். கூரையோடு ஒட்டியே வரும் பனி. பொத்தானை அழுத்தினால் ஒளிரும் விளக்கு. அதனுள்ளிருந்து ஒரே ராகத்தை ஓயாமல் பாடும் சிறு கருவி. சூசையப்பரை இடம் மாற்ற இயலாது, ஏனெனில் அவர் தரையோடு ஒட்டப்பட்டிருக்கிறார். இதில் பிழை ஒன்றும் இல்லை. அதுவே இதன் பெருங்குறை. சிறுவனுக்கு இதில் செய்ய ஒன்றும் இல்லை. விவிலியப் பொருத்தத்தில் 22, தூய்மையில் 25 பெற்று இக்குடில்கள் பரிசு வாங்குகின்றன. சாக்கும் சிமெண்டுத் தாளும் கொண்டு மலை செய்த வீட்டுக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்புப் பெட்டி கிடைக்கிறது. மறு ஆண்டு அந்த வீட்டிலும் பெட்டிக் குடில் வந்துவிடுகிறது. நம் போட்டிகள் எதை வளர்க்கின்றன, எதை அழிக்கின்றன என்று பங்குப் பேரவைகளும் அன்பியங்களும் கணக்குப் பார்க்கும் காலம் இது. மதிப்பெண் தாளின் நான்கு கட்டங்களையும் அடித்துவிட்டு இரண்டே வினாக்களை எழுதலாம் என்பது நம் கருத்து. இதில் எந்தப் பொருள் இந்த வீட்டுக்கு உரியது? கண் குழந்தையிடம் போய்ச் சேருகிறதா?

இரண்டாம் வினாவில் நாட்டுப்புறக் குடில்களும் தோற்பதுண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. மோட்டார் வைத்த அருவி, சுழலும் காற்றாலை, குட்டி விமானநிலையம் என்று அப்பாவின் தொழில்நுட்பத் திறமை முழுவதும் அரங்கேறிய குடில்களில் குழந்தையைத் தேடி நாம் முழங்காலிட்டது உண்டு. பக்தியினால் அன்று, கண்ணாடி அணிந்தும் தெரியாததனால். ஒன்றில் கோழி சூசையப்பர் அளவுக்கு இருந்தது. அது நமக்குக் குறையாகப் படவில்லை. அக்கோழியும் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மற்ற வழக்கங்களைப் பற்றி ஓரிரு சொற்கள் போதும். கிறிஸ்மஸ் தாத்தாவை நாம் எதிர்க்கவில்லை. மீரா நகர் ஆயரான புனித நிக்கோலாஸ், பஞ்சுத் தாடியோடும் முகமூடியோடும் திரைப்பாடலுக்கு ஆடிக்கொண்டே இராஜபாளையம் தெருவில் வருவார் என்று கனவிலும் நினைத்திருக்கமாட்டார். பார்த்து அழும் கைக்குழந்தைகளே இதில் சிறந்த திறனாய்வாளர்கள். பால்கோவாவைப் பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்லலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பண்டத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் வீடொன்றில், காணிக்கைப் பேழை உடைந்துபோன ஓர் அரசரின் கையில் உருட்டி ஒட்டியிருந்தார்கள். மத்தேயுவின் ஞானிகள் கிழக்கிலிருந்து வந்தார்கள். இங்கே எறும்புகள் சமையலறையிலிருந்து வந்தன. வரிசை கலையாமல், நாள் முழுவதும் வந்தன. வீட்டார் அவற்றைத் தட்டிவிட மனமின்றி அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். புதுமைக்கு 25 கொடுத்தோம்.

நாம் பார்த்தவற்றுள் மிகச் சிறந்த குடிலை இதுவரை சொல்லவில்லை. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரம் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்வதற்குப் பெயர்பெற்றது. விசைத்தறிகளின் ஓசை அங்கே தெருவின் மூச்சு போன்றது. தறித் தொழிலாளர் ஒருவரின் வீட்டில், அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு குடில். மலை இல்லை, குளம் இல்லை, நாலு பொம்மைகள். குழந்தைப் பொம்மை மட்டும் கழுத்து முதல் கால்வரை கட்டுத்துணியால் நெருக்கமாகச் சுற்றப்பட்டு, முகம் மட்டும் வெளியே தெரியக் கிடந்தது. உடன்வந்தவர், குழந்தை காயம்பட்டது போல இருக்கிறதே என்றார், கலைநயத்தில் குறைத்தார்.

நம் வழக்கமான பொம்மைகளில் குழந்தை ஏறக்குறைய ஆடையின்றிக் கைகளை விரித்துக் கிடக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தா கண்ட காட்சியில் குழந்தை ஆடையின்றித் தரையில் ஒளிவீசக் கிடந்தது. அது ஐரோப்பிய ஓவியர்களைக் கவர்ந்து, சிற்பம் வழியாக நம் அச்சுகளுக்கும் வந்து சேர்ந்தது. லூக்காவோ, துணியில் பொதியப்பட்டிருந்ததை இருமுறை சொல்கிறார். தாய் பொதிந்தது ஒருமுறை. வானதூதர் அதையே இடையருக்கு அடையாளமாகக் கூறுவது மறுமுறை. இடையர் தேடிப்போனது விண்மீனை அன்று. துணி சுற்றிய ஒரு பிள்ளையை. அதே லூக்கா 23-ஆம் அதிகாரத்தில், சிலுவையிலிருந்து இறக்கிய உடலை மெல்லிய துணியால் சுற்றுவதையும் எழுதுகிறார். கீழைத் திருச்சபையின் திருவோவியங்களில் தீவனத்தொட்டி கல்லறைப் பெட்டி போலவும், குழந்தையின் துணி அடக்கத் துணி போலவும் தீட்டப்படுவது இதனால்தான். காயம்பட்டது போல இருக்கிறது என்று நம் நடுவர் சொன்னது முற்றிலும் சரி. அதற்கு மதிப்பெண்ணைக் குறைத்ததுதான் சரியன்று. அந்தத் தறிக்காரர் இறையியல் எதுவும் பேசவில்லை. பிள்ளைக்குக் குளிரும் என்றார். வீட்டில் இந்தத் துணிதான் இருந்தது என்றார்.

அதே வீட்டில் குடிலுக்கு முன்னால் ஒரு தட்டில் கேழ்வரகு முளைத்திருந்தது. பெருவிழாவுக்குப் பத்து நாள் முன்னதாக விதைத்து, ஊர்த் திருவிழாவின் முளைப்பாரியைப் போல நாள்தோறும் நீர் தெளித்து, மூன்று விரற்கடை உயரப் புல்லாக வளர்ப்பது இப்பக்கத்துச் சிறுவர்களின் வேலை. ஞானிகளின் விழா முடிந்து குடிலைப் பிரிக்கும் நாளில் அப்புல் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போகிறது. தட்டைத் தூக்கிச் செல்லும் சிறுவன், ஆட்டின் முன் வைப்பதற்குள் புல்லுக்குள் விரல்விட்டு ஒருமுறை துழாவிப் பார்த்துக்கொள்கிறான். முந்தைய ஆண்டு ஓர் இடையரின் தலையை ஆடு கடித்துவிட்டதாம்.